நாற்று என்று எழுதினேன்

ஜூஜூவாடி தாண்டிச் சாலையில்
இரண்டு மூங்கில்.
ஒன்றைத் தூக்கி இறக்குகிறவன் நான், சென்னை மாகாணம்.
மற்றதைத் தூக்குகிறவன் சிக்கண்ணா, மைசூர் சமஸ்தானம்.
இடையில் இருபதடி மண்.
அது எங்கள் பேரேட்டிலும் இல்லை
அவர்கள் பேரேட்டிலும் இல்லை.
மூங்கில் வெட்டிய கூலி எட்டணா
இரண்டு கஜானாவிலும் பாக்கி.

கொடி ஏற்றி மூன்று மாதம்.
ரப்பர் முத்திரையிலிருந்த கிரீடத்தைப்
பேனாக்கத்தியால் தோண்டி எடுத்துவிட்டேன்.
அங்கே எதை வைப்பதென்று
சேலத்திலிருந்து தகவல் இல்லை.
அதுவரை எந்தத் தாளில் குத்தினாலும்
சுற்றிலும் எழுத்து,
நடுவே வெள்ளையாய் ஓர் ஓட்டை.
அதை சர்க்கார் என்று நம்பி
மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார்கள் ஜனங்கள்.

ஐப்பசிக் கடைசியில் வெங்கட்டப்பாவின் வண்டி வந்தது.
பன்னிரண்டு மூட்டை கேழ்வரகு,
தேன்கனிக்கோட்டைக்கு.
வெளியே விட அங்கே சீட்டு இருந்தது;
சிக்கண்ணா மூங்கிலைத் தூக்கினான்.
உள்ளே விட என்னிடம் உத்தரவு இல்லை;
நான் தூக்கவில்லை.
திரும்பிப் போ என்றால்
வெளியே போன தானியம் உள்ளே வரவும்
தனிச்சீட்டு வேண்டுமாம்.

இருபதடிக்குள் நின்றது வண்டி.
நுகத்தை அவிழ்த்துவிட்டு
வெங்கட்டப்பா கேட்டான்:
"சாமி, என் மாடு இப்போ
எந்த சர்க்கார் புல்லு திங்குது?"

தந்தி கொடுத்தேன்.
சேலம் சென்னையைக் கேட்டது.
சென்னை டில்லியைக் கேட்டது.
டில்லி சமஸ்தானத்துக்கு எழுதியதன் நகல்
ஆறாம் நாள் என் மேஜைக்கு வந்தது.
"தயவுகூர்ந்து பரிசீலிக்குமாறு
வேண்டிக்கொள்கிறோம்."
இரண்டு தரம் படித்தேன்.
பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது
மாரியம்மனிடம்கூட நான்
இவ்வளவு பணிந்து வேண்டியதில்லை.

விளக்குக்கு மண்ணெண்ணெய் நின்றது.
சிக்கண்ணா தன் லாந்தரை
இருபதடியின் நடுவில் கொண்டுவந்து வைத்தான்.
இரண்டு ராஜ்யத்துக்கும் அந்த ஒரு திரி.
மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து
பீடி குடித்தோம்.
அதற்கு உத்தரவு தேவைப்படவில்லை.

ஒன்பதாம் ராத்திரி மழை.
சாக்குப் போர்த்தினோம், பாய் போர்த்தினோம்,
என் சட்டப்புத்தகத்தின் மேலிருந்த
மெழுகுத்துணியையும் எடுத்துப் போர்த்தினோம்.
நின்றபாடில்லை.
பன்னிரண்டாம் நாள் விடிகையில்
மூட்டைத் தையல் வழியே
பச்சை.
ஊசி ஊசியாய், பன்னிரண்டு மூட்டையிலும்.
அடியில் கைவிட்டால் சூடு, புளித்த வாடை,
பாதிக்கு மேல் அழுகல்.

வெங்கட்டப்பா திட்டவில்லை.
ஒரு முளையைக் கிள்ளி
மாட்டுக்குக் கொடுத்தான்.

தடைப் பட்டியலை எடுத்தேன்.
நெல், அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு,
அவற்றின் மாவு, அவற்றின் நொய்.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
சிக்கண்ணா தன் மூங்கிலைக் கடந்து வந்து
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
பேரேட்டில் "தானியம்" என்பதை அடித்து
"நாற்று" என்று எழுதினேன்.
ஓட்டை முத்திரையை அழுத்திக் குத்தினேன்.
மூங்கில் போயிற்று மேலே.

தை பிறந்ததும் மெமோ வந்தது.
வண்டியில் ஏற்றப்பட்ட நாற்று
எந்தப் பாத்தியில் விட்டது,
எத்தனை நாள் வயது,
யார் அளந்தது, விளக்கம் தருக.
கீழே கையெழுத்து,
கையெழுத்தின் மேல் முத்திரை,
முத்திரை நடுவில்
அங்கேயும் ஓர் ஓட்டை.

தளி ரோட்டில் ஒரு கொல்லையில்
தாறுமாறாய்க் கேழ்வரகு நிற்பதாகச்
சிக்கண்ணா சொன்னான்.
நேரில் பார்த்து அறிக்கை தரலாமா
என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.
பயணப்படி எந்தக் கணக்கில் என்று
அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.